அதீனியன் லீக்: அத்தனை வருசம் ஓடுனது எப்படி காணாம போச்சு?

தங்கச்சிமடத்தான்:

தடைக்காலம், போட்டு பூரா கரையில கெடக்கு, கையில போனு. இந்த இங்கிலாந்து சின்ன ஃபுட்பால் கிளப்புகளோட பழைய கதையா படிச்சுக்கிட்டு இருக்கேன். பார்னெட்டுன்னு தேடுனா முந்தி அதீனியன் லீக்ல ஆடுனாங்கன்னு வருது, சரின்னு ப்ராம்லிய பாத்தா அதுவும் அதீனியன் லீக், சட்டன் யுனைட்டட், எண்ஃபீல்டு, ஹெண்டன், வெல்ட்ஸ்டோன், ஹேய்ஸ்னு எதைத் தொட்டாலும் அங்கதான் போய் முட்டுது. எல்லாமே லண்டனைச் சுத்தி இருக்குற ஊருங்க. 1912ல ஆரம்பிச்சு 1984ல முடிஞ்சிருச்சுன்னு ஒரே வரி போட்டிருக்கு. ஏன் முடிஞ்சுச்சு, காசில்லையா, சண்டையா, ஆடுறதுக்கு ஆளில்லையா, ஒண்ணும் வெளங்கல.

நான் சும்மா கேக்கல. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம், எங்க ஊருன்னு பயலுக சேந்து, இந்த ரெண்டு நாள் நாக் அவுட் டோர்னமெண்ட்டை விட்டுட்டு வாராவாரம் ஆடுற மாதிரி ஒரு லீக் போட்டா என்னான்னு பேச்சு ஓடுது. ஊர்ல பெரியவங்க "ரெண்டு வருசத்துல படுத்துரும், நாங்க பாக்காததா"ங்கறாங்க. எழுபது வருசத்துக்கு மேல ஓடுன லீக்கே படுத்திருக்கே, அது ஏன்னு தெரிஞ்சா நமக்கு உதவும்ல. வெவரம் தெரிஞ்ச அண்ணனுங்க யாராச்சும் சொல்லுங்க.


ஈஸ்ட்ஹாம்_தொண்டிக்காரன்:

தம்பி, நமக்கு தொண்டி, இப்ப பொழப்பு ஈஸ்ட்ஹாம்ல. நீ சொன்ன பேர்ல பாதி ஊர்ல இன்னைக்கு நம்மாளுங்க கடை வச்சிருக்காங்க. வெல்ட்ஸ்டோன்னா ஹாரோ பக்கம், அங்க போனா யாழ்ப்பாணத் தமிழ்தான் காதுல விழும்.

கதைய அடியில இருந்து சொல்லணும், இல்லாட்டி புரியாது. ஆட்டக்காரனுக்கு சம்பளம் குடுக்கலாம்னு எஃப்.ஏ., அதான் இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம், ஒத்துக்கிட்டது 1885ல. வடக்குப் பக்கம் மில்லு ஊர்க்காரங்க உடனே காசு குடுத்து ஆள் எடுத்தாங்க, 1888ல ஃபுட்பால் லீக்கே வந்துருச்சு. தெக்க லண்டன் பக்கத்து தொரைங்களுக்கு அது புடிக்கல. பந்து ஆடுறதுக்குக் கூலியான்னு மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு, அமெச்சூருக்குன்னு, அதாவது சம்பளம் வாங்காம ஆடுறவனுக்குன்னு, தனி கப்பு கேட்டு வாங்குனாங்க, 1893ல அமெச்சூர் கப் தொடங்குச்சு. 1905ல ஆறு கிளப் சேந்து இஸ்த்மியன் லீக். அவங்க கொள்கை என்னான்னா கௌரவம் போதும், ஜெயிச்சவனுக்கு கப்பும் கெடையாது மெடலும் கெடையாது! 1907ல ஸ்பார்ட்டன் லீக், 1912ல நீ கேக்குற அதீனியன், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் 1945ல கொரிந்தியன் லீக், 1951ல டெல்ஃபியன் லீக். பூரா கிரேக்கப் பேரு, அந்தக் காலத்து படிச்ச தொரைங்க மோகம் அது.

ஆனா ஆடுனவன் பாக்க வந்தவன் எல்லாரும் தொரை இல்ல. ரயில் போகப் போக லண்டனுக்கு வெளிய புதுசு புதுசா ஊரு முளைச்சுச்சு, கிளார்க்கு, வாத்தியாரு, ஃபேக்டரி ஆளு, கடைக்காரன்னு அங்க குடிவந்தாங்க. சனிக்கிழமை அரை நாள் லீவு. மத்தியானம் சாப்புட்டுட்டு நடந்து போய் பாக்குற தூரத்துல ஒரு கிரவுண்டு, நம்ம ஊரு டீமு. அதான் இந்த லீக்கோட உயிரு.

சின்ன லீக்னு நெனைச்சுறாத. 1946 அக்டோபர் 19ந் தேதி பார்னெட்டுக்கும் வெல்ட்ஸ்டோனுக்கும் நடந்த அதீனியன் லீக் மேட்சை பிபிசி லைவா டிவில காட்டுனான். மொத பாதியில 20 நிமிசம், ரெண்டாவது பாதியில 35 நிமிசம், அதுக்குள்ள இருட்டிருச்சு, கேமராவுக்கு ஒண்ணும் தெரியல, முடிச்சுட்டான். கிரவுண்டுல ஃப்ளட் லைட்டு கெடையாதுல்ல. இன்னைக்கு டிவில கோடிக்கணக்குல பொரளுற காசுக்கெல்லாம் முன்னால, லீக் மேட்சுன்னு டிவில வந்தது ரெண்டு அமெச்சூர் டீமு. நான் இதைச் சொன்னா இங்கத்த வெள்ளக்காரப் பயலுகளே நம்ப மாட்டேங்குறான்.

1949ல அமெச்சூர் கப் ஃபைனலை வெம்ப்ளிக்கு கொண்டு போனாங்க, ஜெயிச்சது அப்ப அதீனியன்ல இருந்த ப்ராம்லி. 1951 ஃபைனலுக்கு ஒரு லட்சம் பேரு. சம்பளம் வாங்காதவன் ஆடுற ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேரு தம்பி!

இன்னொண்ணு. 1948 லண்டன் ஒலிம்பிக்குல நம்ம இந்தியா டீமு பிரான்ஸ் கூட ஆடுச்சுல்ல, வெறுங்காலோட பாதிக்கு மேல பேரு, அது எங்க நடந்துச்சு தெரியுமா? வெம்ப்ளி இல்ல. இல்ஃபோர்டு க்ரிக்கில்ஃபீல்டு மைதானம், என் வீட்டுலருந்து பஸ்ஸுல போயிறலாம். ரெண்டு பெனால்ட்டிய விட்டுட்டு 2-1ல தோத்தோம், நம்ம கோல் ராமன் போட்டது. இந்த மாதிரி சபர்பன் மைதானங்கள்லயும் சில ஒலிம்பிக் மேட்சு நடந்துச்சு.

ஏன் மூடுனாங்கன்னு டூட்டி முடிஞ்சு வந்து சொல்றேன்.


மண்டபம்_மாப்ள:

மாப்ள முதல்ல பந்துக்கு காத்தடிங்கடா, அப்புறம் லண்டன் வரலாறு பாப்போம் 😂


கீழக்கரை_காக்கா:

சிரிக்காதப்பா, தம்பி கேட்டது நியாயமான கேள்வி. தொண்டிக்கார மச்சான் நல்லா சொன்னாரு, ஆனா அந்த "கௌரவம் போதும்" கதையில ஒரு ஓட்டை இருக்கு, அதை நான் சொல்றேன்.

அமெச்சூர்னு பேருதான். நல்ல சென்டர் ஃபார்வர்டு வேணும்னா சும்மா வருவானா. ஆட்டம் முடிஞ்சு வந்து பாத்தா அவன் பூட்ஸுக்குள்ள நோட்டு இருக்கும். போக்குவரத்து செலவுன்னு எழுதி அஞ்சு மைல் வந்தவனுக்கு அம்பது மைல் காசு குடுக்குறது, கிளப் பிரசிடெண்டு கம்பெனியில வேலை போட்டுக் குடுக்குறதுன்னு ஆயிரம் வழி. எல்லாருக்கும் தெரியும், எஃப்.ஏ.வுக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்கல. எப்பயாச்சும் ஒரு கிளப்பு மாட்டும், கொஞ்ச பேரை சஸ்பெண்ட் பண்ணுவாங்க, மறுபடி அதே கதைதான்.

இது நமக்குப் புதுசா? நம்ம பக்கம் பெருநா முடிஞ்சு நடக்குற செவன்ஸ்ல, அந்த ஏழு பேரு ஆட்டத்துல, பாக்குறோமே. ஊர் டீமுன்னு பேரு, உள்ள இறங்குறது மூணு கெஸ்ட் பிளேயர், கேரளாவுலருந்து ஒருத்தன், காலேஜ் ஹாஸ்டல்லருந்து ரெண்டு பேரு. கேட்டா "சொந்தக்காரப் பையன், லீவுக்கு வந்திருக்கான்"பாங்க. கவருல காசு, பிரியாணி, பஸ் டிக்கெட்டு. நான் சின்ன வயசுல ஆடுன ஒரு டீமுல, யாரு ஊருன்னு சொல்ல மாட்டேன், ஃபைனலுக்கு எங்களையெல்லாம் உக்கார வச்சுட்டு வெளி ஆளை எறக்குனாங்க. கப்பு வந்துச்சு. அடுத்த வருசம் உக்கார வச்ச பயலுக ஒருத்தனும் பிராக்டிஸுக்கு வரல, டீமே கலைஞ்சு போச்சு.

அங்க என்னாச்சுன்னா கொஞ்ச கிளப்பு இந்த நாடகம் வேணாம்னு வெளிப்படையா போயிட்டாங்க. விம்பிள்டன் 1963ல அமெச்சூர் கப் ஜெயிச்சான், ஃபைனல்ல நாலு கோல், நாலும் ஹெட்டர், ஒரே ஆளு, எட்டி ரெனால்ட்ஸ். அடுத்த வருசம், நம்ம தனுஷ்கோடி போன அதே 1964ல, சம்பளம் குடுக்குற சதர்ன் லீகுக்குத் தாவிட்டான். 1977ல ஃபுட்பால் லீக், 1988ல லிவர்பூலை அடிச்சு எஃப்.ஏ. கப். அந்த விம்பிள்டனும் ஒரு காலத்துல, மொத உலகப்போருக்குப் பின்னாடி கொஞ்ச நாள், இதே அதீனியன்ல இருந்த டீமுதான். பார்னெட் 1965ல அதே மாதிரி போயிட்டான்.

கடைசியா 1974ல எஃப்.ஏ.வே அமெச்சூரும் கெடையாது புரொஃபஷனலும் கெடையாது, இனிமே எல்லாரும் பிளேயர்தான்னு சொல்லிட்டாங்க. அந்த ஏப்ரல்ல கடைசி அமெச்சூர் கப் ஃபைனல், பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு 4, இல்ஃபோர்டு 1. அதோட கப்பு மூடியாச்சு. அமெச்சூருங்கற வார்த்தையே போன பொறவு அமெச்சூர் லீகுக்கு என்ன வேலை?


உப்பளத்து_கோலி:

காக்கா, பூட்ஸுக்குள்ள காசு கதை உண்மைதான், ஆனா லீக் செத்ததுக்கு அது காரணம் இல்லைங்கறது என் கட்சி. பாருங்க, 1974க்கு அப்புறமும் பத்து வருசம் ஓடியிருக்கு. இஸ்த்மியனும் அதே அமெச்சூர் லீக்தான், அது இன்னைக்கும் இருக்கு. அதே வியாதி ரெண்டு பேருக்கும் வந்து ஒருத்தன் மட்டும் செத்தான்னா காரணம் வேறல்ல இருக்கணும்.

காரணம் ஏணி. அதீனியன்ல ஜெயிச்சா மேல போக வழி கெடையாது. இஸ்த்மியன்காரன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தான், அவன்ல கடைசி வந்தாலும் கீழ இறங்க மாட்டான், இவன்ல மொதல்ல வந்தாலும் மேல ஏற முடியாது. அவங்களா பாத்து வான்னு கூப்புட்டாத்தான் உண்டு. 1963ல இஸ்த்மியன் பெருசாச்சு, கூப்புட்டாங்க, யாரை? எண்ஃபீல்டு, ஹெண்டன், சட்டன் யுனைட்டட், ஹிட்சின். இஸ்த்மியன்ல விம்பிள்டன் காலி பண்ண எடத்துக்கு அடுத்த வருசம் வெல்ட்ஸ்டோன். எல்லாம் அதீனியனோட நல்ல டீமு. ஒவ்வொரு தடவையும் பாலு அந்தப் பக்கம் போயிருச்சு, ஆடைய எடுத்த பாத்திரம்தான் இங்க மிச்சம்.

அதே 1963ல இன்னொண்ணும் நடந்துச்சு. அந்தக் குளிரு கேள்விப்பட்டிருப்பீங்க, டிசம்பர் கடைசியில இருந்து மார்ச்சு வரைக்கும் தரை கல்லு மாதிரி உறைஞ்சு கெடந்துச்சு, எஃப்.ஏ. கப்போட மூணாவது ரவுண்டை முடிக்கவே 66 நாள் ஆச்சு. டெல்ஃபியன் லீக்ல சீசனை முடிக்கவே முடியல, பாதியில கைவிட்டு ஒரு குட்டிப் போட்டி வச்சு ஒப்பேத்துனாங்க. அதோட டெல்ஃபியனும் கொரிந்தியனும் கடையச் சாத்திட்டு அதீனியனுக்குள்ள வந்துட்டாங்க. பழைய அதீனியன் பிரீமியர் டிவிசன், கொரிந்தியன் ஆளுங்க ஒண்ணாவது டிவிசன், டெல்ஃபியன் ஆளுங்க ரெண்டாவது. வெளிய பாத்தா லீக் பெருத்துருச்சு. உள்ள பாத்தா மேல இருந்த நல்ல டீமு போய், கீழ புதுசா ரெண்டு மாடி கட்டுன கதை.

அப்புறம் 1973ல இஸ்த்மியன்காரனே ரெண்டாவது டிவிசன் தொடங்குனான், ஆள் எடுத்தது பெரும்பாலும் அதீனியன்லருந்து. 1977ல மூணாவது டிவிசன், மறுபடி அதீனியன்லருந்து. 1984ல அந்தக் கடைசி டிவிசனை வடக்கு தெக்குன்னு ரெண்டாப் பிரிச்சான், மிச்சம் மீதி இருந்த கிளப்புல பாதிக்கு மேல அதுக்குள்ள போயிருச்சு. ஆடுறதுக்கு ஆளே இல்ல, லீக் முடிஞ்சுச்சு. திவாலும் இல்ல சண்டையும் இல்ல. ஏணியில நடுப்படி மாதிரி இருந்தானே தவிர ஏணியோட ஆணி அடிக்கல.

கிளப்பு சாகலங்கறதையும் பாருங்க. ப்ராம்லி 2024ல ஃபுட்பால் லீகுக்கே வந்துட்டான். லீக்தான் போச்சு.


கீழக்கரை_காக்கா:

கோலி தம்பி, பாயிண்டு சரி, ஆனா அந்த 1973ல இஸ்த்மியன்காரனுக்கு அந்த தைரியம் எப்படி வந்துச்சு? ரோத்மன்ஸ் சிகரெட் கம்பெனி காசு. மெடலே வேணாம்னு ஆரம்பிச்ச லீக், சிகரெட்டுக்காரன் பேரை முன்னால போட்டுக்கிட்டான். கோல் அடிச்சா போனஸு, ஒழுங்கா ஆடுனா போனஸு. இன்னைக்கு உலகம் பூரா ஜெயிச்சா 3 பாயிண்டு இருக்கே, இங்கிலாந்துல அதை மொதல்ல ஆடிப் பாத்தவங்கள்ல இஸ்த்மியன்காரனும் ஒருத்தன், அந்தக் காலத்துலதான். பெரிய ஃபுட்பால் லீக் அதை எடுத்தது 1981ல. ஆக உன் ஏணியையும் காசுதான் செஞ்சுச்சு. நான் சொன்னதும் நீ சொன்னதும் ஒண்ணுதான், நீ ஒத்துக்க மாட்ட.


உப்பளத்து_கோலி:

ஒத்துக்க மாட்டேன் காக்கா 🙂 காசு வந்துச்சு, சரி. அதீனியன் மூடுன நாள்ல கல்லாவுல காசு இருந்திருந்தாலும் எதுக்க ஆட டீமு வேணும்ல.


தங்கச்சிமடத்தான்:

அண்ணே காக்கா ரெண்டு பேருக்கும் நன்றி, நான் ஒரு வரி பதில்தான் எதிர்பாத்தேன். அந்தக் கிரவுண்டெல்லாம் இப்ப இருக்கா? நம்ம ஊர்ல ஒரு கிரவுண்டு வேலி போட்டு பிளாட்டு ஆனதும் அங்க ஆடுன டீமே போச்சு, அதான் கேக்குறேன்.


ஈஸ்ட்ஹாம்_தொண்டிக்காரன்:

அதைத்தான் சொல்ல வந்தேன், ஷிஃப்ட்டு முடிஞ்சு இப்பதான் வந்தேன், லேட்டு. கோலி தம்பி லீக் சாவை சொல்லிட்டாரு, நான் கிரவுண்டு சாவை சொல்றேன், எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

ஊருக்கு வெளிய காட்டுல இருந்த கிரவுண்டு, ஊரு வளந்து நடு ஊருக்கு வந்துருச்சு, நிலத்து விலை ஏறிப்போச்சு. கேட்டுல வர்ற கலெக்சன் வருசத்துக்கு என்ன வரும், நிலத்தை வித்தா என்ன வரும்? கணக்கு போட்டவன் வித்துட்டான். வெல்ட்ஸ்டோனோட பழைய லோயர் மீட் கிரவுண்டு 1991ல போச்சு, இப்ப டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டு. பார்னெட்டுல டிவி கேமரா வச்ச அண்டர்ஹில் கிரவுண்டை 2013ல காலி பண்ணாங்க, இப்ப ஸ்கூலு. அது கூட பரவால்ல. ஹெண்டன், எண்ஃபீல்டு ரெண்டும் சொந்த கிரவுண்டு போய் கொஞ்ச காலம் அடுத்தவன் கிரவுண்டுல வாடகைக்கு ஆடிக்கிட்டு அலைஞ்சாங்க.

எனக்கு ரொம்ப வருத்தம் வால்தம்ஸ்டோ அவென்யூ. 1953ல மான்செஸ்டர் யுனைட்டட் வீட்டுக்கே போய் எஃப்.ஏ. கப்புல 1-1 டிரா பண்ண அமெச்சூர் டீமு. அவங்க கிரவுண்டு 1948 ஒலிம்பிக்குல மேட்சு நடந்த எடம். 1988ல கிளப்பை லெய்ட்டன்ஸ்டோனும் இல்ஃபோர்டும் ஏற்கனவே ஒண்ணா சேந்திருந்த கிளப்போட சேத்தாங்க, அது வேற பேராச்சு, அப்புறம் 1992ல டேகன்ஹாமோட சேந்து டேகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ். கிரவுண்டு இருந்த எடம் வீடு. இல்ஃபோர்டு, லெய்ட்டன்ஸ்டோன், வால்தம்ஸ்டோ, டேகன்ஹாம், நாலு ஊரு டீமு ஒரே டீமாச்சு. நாலு ஊர்க்காரனும் இது எங்க டீமுன்னு சொல்றானா? நான் கேட்ட பெருசுங்க ஒருத்தரும் சொல்லல.

ஒரே ஆறுதல் என் வீட்டுப் பக்கம் ஃபாரஸ்ட் கேட்டுல இருக்குற ஓல்டு ஸ்பாட்டட் டாக் கிரவுண்டு. இஸ்த்மியன் ஆரம்பிச்ச ஆறு கிளப்புல ஒண்ணான கிளாப்டனோட எடம். அங்க ரசிகருங்க பழைய நிர்வாகத்தோட மல்லுக்கட்டி, பிரிஞ்சு, தாங்களே கிளப்பு தொடங்கி, 2020ல கிரவுண்டையே வாங்கிட்டாங்க. ஊருக்கு வந்தா டீக்கடையில உக்காந்து இதை முழுசா சொல்றேன்.

நீ லீக் போடுறியோ இல்லையோ, மொதல்ல ஆடுற எடம் யாரு பேருல இருக்குன்னு பாரு. புறம்போக்கா, சர்ச்சு நிலமா, பஞ்சாயத்தா, தனியாரா. அடுத்த வருசம் வேலி விழுமான்னு பாத்துட்டு ஃபிக்ஸ்சர் போடு.


உப்பளத்து_கோலி:

தங்கச்சிமடம் தம்பிக்கு நான் சொல்றது: ரெண்டு டிவிசன் வைக்கவே வைக்காதீங்க இப்போதைக்கு. ஆறு டீமு, ஏழு டீமு போதும். பெயர் ரிஜிஸ்டர் பண்ணவன்தான் ஆடணும், பாதி சீசன்ல ஆள் மாத்தக் கூடாது, அங்கயே காக்கா சொன்ன கெஸ்ட் பிளேயர் வியாதி பாதி கொறையும். கெழமைய யோசிச்சுப் போடுங்க, போட்டு கடலுக்குப் போற நாள்ல வச்சா பதினோரு பேரு சேர மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை காலையில வச்சா பூசைக்குப் போற பயலுக வர மாட்டாங்க, வெள்ளி மத்தியானம் கீழக்கரை டீமு வராது. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல சாயங்கால மேட்சு வேணாம், கோல் கிக் அடிச்சா பந்து திரும்பி எங்கிட்டயே வருது. நான் கோலி, அனுபவிச்சவன். ஜில்லா சங்கத்துல பதிஞ்சிருங்க, நாளைக்கு நல்லா ஆடுற பய மேல போறதுக்கு ஒரு வழி வேணும்.


தங்கச்சிமடத்தான்:

பதிவு பண்றது சரிண்ணே, அதுக்குப் பயலுக ஒத்துக்குவாங்க. கெஸ்ட் பிளேயர் வேணாம்னு சொன்னாத்தான் சண்டை வரும், ஒரு டீமு இப்பவே மதுரைப் பையன் ஒருத்தனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டான். காசு குடுக்குறதா இருந்தா எல்லாரும் நோட்டுல எழுதிட்டுக் குடுங்கடா, பூட்ஸுக்குள்ள வைக்காதீங்கன்னு சொல்லிரலாமா?


கீழக்கரை_காக்கா:

சொல்லிரு. டீமுக்கு ஒரு வெளி ஆளு, அதுவும் எழுதிக் குடுத்துட்டுன்னு வச்சுக்க. மறைச்சு ஆடுனா பாயிண்ட் கட்டு.


தேவிபட்டினம்_லெஃப்ட்விங்:

எல்லாம் சரி, எங்க ஊரைச் சேப்பீங்களா மாட்டீங்களா? தூரம் தூரம்னு ஒவ்வொரு தடவையும் விட்டுர்றீங்க. வேன் செலவு நாங்க பாத்துக்கிறோம், ஆனா பாதி மேட்சு எங்க கிரவுண்டுல வச்சாகணும்.


தங்கச்சிமடத்தான்:

வாங்கண்ணே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மண்டபத்துல கூடிப் பேசுறோம், டீமுக்கு ரெண்டு பேரு வாங்க. கிரவுண்டு யாரு பேருல இருக்குன்னு கேட்டுட்டு வந்துருங்க.